பார்ன்ஸ் பிளேஸ் வீட்டுப் பெட்டிகளும் நம்மட வீட்டுக் கசெட்டுகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

கொட்டியாரக் குடாவுக்கு வந்த வெள்ளைக்காரர் என்றதும் நமக்கு நினைவு வருபவர் ரொபர்ட் நொக்ஸ்தான். 1660இல் புயலில் சேதமான கப்பலோடு இங்கே வந்து, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ 19 வருடம் ஊர் திரும்ப வழியில்லாமல் இருந்து, கடைசியில் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப் போனவர். அவர் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குடாவுக்கு அந்தப் பக்கம், திருகோணமலைக்கு, 1956இல் இன்னொரு ஆங்கிலேயர் வந்தார். அவர் பிடிபட்டு இருந்தவர் இல்லை, விரும்பி இந்த நாட்டிலேயே தங்கிவிட்டவர். கோணேசர் மலைக்குக் கீழே கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டவர்களில் ஒருவர். பெயர் ஆர்தர் சி. கிளார்க். கூட வந்தவர் மைக் வில்சன்.

கிளார்க்கை விஞ்ஞானக் கதை எழுதியவர் என்றுதான் பலரும் அறிவோம். மொரட்டுவப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தவர் என்பதும் சிலருக்குத் தெரியும். நான் எழுத வந்தது அது எதைப் பற்றியும் அல்ல. கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் இருந்த அவருடைய வீட்டில் வருடக்கணக்காகச் சேர்ந்த இயந்திரங்களைப் பற்றி.

முத்திரை சேர்ப்பது போல இயந்திரம் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மாடல் இலக்கம், வருடம், பெட்டி உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிளார்க் அந்த வகை இல்லை. அவருக்கு ஒவ்வொரு இயந்திரமும் ஒரு வேலைக்காகத் தேவைப்பட்டது. அந்த வேலையை ஒரே சொல்லில் சொல்வதென்றால், தூரம். வாசகர்களும் பதிப்பாளர்களும் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இருக்க, தான் மட்டும் இந்தத் தீவில் இருந்துகொண்டு எழுத வேண்டும் என்று முடிவெடுத்த மனிதர் அவர்.

இந்தப் பழக்கம் வீட்டிலிருந்து வந்தது. அவர் பிறந்தது 1917 டிசம்பர் 16இல், இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில். வாப்பா தபால் திணைக்களப் பொறியியலாளர், உம்மா தந்தி அடிப்பவர். அவருக்கு 13 வயதில் வாப்பா இறந்துபோனார். அந்த வயதிலேயே தானே செய்த தொலைநோக்கியால் சந்திரனைப் பார்த்து வரைபடம் போட்ட பிள்ளை. யுத்த காலத்தில் விமானப்படையில் சேர்ந்தபோது கிடைத்த வேலையும் ராடார் வேலை, மூடுபனியில் இறங்கும் விமானத்தைத் தரையில் இருந்து வழிநடத்தும் கருவியோடு.

1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குக் கிடைத்த காசு 15 பவுண். கட்டுரையின் விசயம் இதுதான்: மத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால், அது பூமியைச் சுற்றிவர எடுக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்ற எடுக்கும் நேரமும் ஒன்றாகிவிடும். கீழே நிற்கிறவனுக்கு அது அசையாமல் ஓரிடத்தில் நிற்பது போலத் தெரியும். அப்படி மூன்று இருந்தால் கிட்டத்தட்ட உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம்.

நம் ஊர்க் கூரைகளில் இருக்கும் டிஷ்களைப் பாருங்கள். ஒரே கம்பனியின் டிஷ் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும், ஒரு முறை திருப்பி இறுக்கினால் பிறகு தொடத் தேவையில்லை. செய்மதி அசையாமல் நிற்பதுதான் காரணம். இங்கே நாம் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் நம்மட டிஷ் வானத்தை அண்ணாந்து பார்க்கும். இங்கிலாந்தில் அது மதில் மேலால் எட்டிப் பார்க்கிற மாதிரிச் சாய்ந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் வரைவதைவிட வெளியில் கூட்டிப்போய்க் காட்டினால் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இன்னொரு இடம் உண்டு. அந்த விண்வெளி நிலையங்களில் மனிதர்கள் இருந்து வேலை செய்வார்கள் என்றுதான் அவர் நினைத்தார். ஏனென்றால் அன்றைக்கு இருந்தது வெற்றிடக் குழாய், வால்வு. அது எரிந்துபோனால் மாற்ற ஆள் வேண்டும். ட்ரான்சிஸ்டர் வந்தது 1947 டிசம்பரில், கட்டுரை வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு. நம் ஐ.சி.டி. பாடத்தில் முதலாம் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்களே, அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எழுதிய கட்டுரை அது.

இனி வீட்டுக்குள் போவோம்.

முதலில் சொல்ல வேண்டியது ஹியூலட் பேக்கார்ட் 9100ஏ. 1968இல் சந்தைக்கு வந்த மேசைக் கல்குலேட்டர். எடை கிட்டத்தட்ட 18 கிலோ, ஒரு சிறிய சீமெந்துப் பைக்குச் சமம். உள்ளே ஐ.சி. எதுவும் கிடையாது, ட்ரான்சிஸ்டரும் டயோடும்தான். அமெரிக்காவில் விலை 4900 டொலர். கிளார்க்குக்கு அது அன்பளிப்பாகக் கிடைத்தது. அதே 1968இல்தான் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படம் வந்திருந்தது, ஹால் என்ற பேசும் கணினியோடு. ஆகவே வீட்டுக்கு வந்த பெட்டிக்கு அவர் வைத்த பெயர் 'ஹால் ஜூனியர்'.

அடுத்தது டிஷ். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஒரு வருடம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ். 6 என்ற செய்மதியை இந்தியா இரவல் வாங்கியது. 6 மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு நேரே செய்மதியிலிருந்து தொலைக்காட்சி. விவசாயம், சுகாதாரம், பிள்ளைகளுக்குப் பாடம். கிராமங்களில் வைத்த டிஷ் எதனால் செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையால். மின்சாரம் இல்லாத இடங்களில் பெட்டரியில் ஓடியது. இந்தச் சிந்தனையை முதலில் எழுதிவைத்த மனிதர் பக்கத்துத் தீவில் இருக்கிறார் என்று, இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ, பொறியியலாளர்களை அனுப்பி, கொழும்பில் அவருடைய வீட்டிலும் ஒரு டிஷ்ஷைப் பொருத்திக் கொடுத்தது.

அந்த நேரம் இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. ஐ.டி.என். வந்தது 1979 ஏப்ரலில், ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். நாட்டில் ஒளிபரப்பே இல்லாத காலத்தில் ஒரு வீட்டில் மட்டும், வானத்திலிருந்து நேராகப் படம் வந்துகொண்டிருந்தது. பார்க்க ஆட்கள் வராமல் இருப்பார்களா? ஊரில் முதல் டீவி வந்த வீட்டு முற்றத்தில் நாம் பாய் விரித்து இருந்ததைப் பெரியவர்கள் நினைத்துப் பாருங்கள், அதே கதைதான்.

ஆனால் வருடம் முடிந்ததும் செய்மதியை அமெரிக்கா திருப்பி எடுத்தது. டிஷ் உடையவில்லை, பெட்டி பழுதாகவில்லை. வானத்தில் மறுமுனை இல்லாமல் போனது, அவ்வளவுதான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாவது, கணினி. 1978இல் எழுத்திலிருந்து ஓய்வு என்று அறிவித்திருந்தவர் கிளார்க். பிறகு வீட்டுக்கு ஆர்கைவ்ஸ் 3 என்ற மைக்ரோ கம்பியூட்டர் வந்தது, அதில் வேர்ட்ஸ்டார் என்ற மென்பொருள். எம்.எஸ். வேர்டுக்கு முந்திய காலத்து எழுத்துமென்பொருள் அது. எழுதியதை அழிக்கலாம், நகர்த்தலாம், முழுப் பக்கத்தையும் திரும்ப டைப் அடிக்கத் தேவையில்லை. ஓய்வு எங்கே போனதென்று தெரியவில்லை, ஒரே நேரத்தில் ஆறு புத்தகங்கள் கையில் இருப்பதாக வேர்ட்ஸ்டாரைச் செய்தவர்களுக்கே நன்றி சொல்லி எழுதினார். 1982இல் வந்த '2010' நாவல் அந்தக் கணினியில் எழுதப்பட்டு, கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரே ஒரு ஐந்து அங்குல டிஸ்க்கில் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கைத் தரை நிலையம் வழியாக, இந்து சமுத்திரத்துக்கு மேலே நின்ற இன்டெல்சாட் செய்மதியால் போயின. 37 வருடத்துக்கு முன்னர் 15 பவுணுக்கு எழுதிய யோசனை, எழுதியவரின் எழுத்துப் பிழைகளையே சுமந்துகொண்டு போயிருக்கிறது.

பிறகு கேப்ரோ 2. தகர உடம்பு, கைப்பிடி வைத்த பெட்டி, தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம். தூக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 12 கிலோ. 9 அங்குலப் பச்சைத் திரை, நினைவகம் 64 கிலோபைட். ஒரு டிஸ்க்கில் 200 கிலோபைட்டும் கொள்ளாது, இன்றைக்கு வட்ஸ்அப்பில் வருகிற ஒரு 'காலை வணக்கம்' படத்துக்கு ஒரு டிஸ்க் சரி. '2010'ஐப் படமாக்கிய பீட்டர் ஹையம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். அவரிடமும் ஒரு கேப்ரோ. இருவரும் 1983இல் தொலைபேசிக் கம்பியில் மோடம் பூட்டித் திரைக்கதையைப் பற்றி எழுதிக்கொண்டார்கள். அங்கே இரவு என்றால் இங்கே பகல். ஒருவர் தூங்கும்போது மற்றவர் எழுதியது, விடியும்போது பெட்டிக்குள் இருக்கும். அந்தக் காலத்துச் சாதாரண மோடம் வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து அனுப்பும். ஒரு பக்கம் போக ஒரு நிமிடம். இன்றைக்குப் பிள்ளைகள் அந்த வேகத்தைக் கண்டால் ஃபோனைச் சுவரில் அடிப்பார்கள்.

இன்னும் இருக்கிறது. 14 அங்குலத் தொலைநோக்கி. வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சந்திரனைக் காட்டுவது அவருக்குப் பெரிய சந்தோசம். 1990களில் விஸ்டாப்ரோ என்ற மென்பொருளை ஓட்டி, வைக்கிங் விண்கலங்கள் எடுத்த அளவுகளை வைத்து, செவ்வாயில் தோட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்று படம் படமாகச் செய்து 1994இல் ஒரு புத்தகமே போட்டார். போலியோவின் பின்விளைவால் கடைசி இருபது வருடத்தில் சக்கர நாற்காலியில்தான் பெரும்பாலும் இருந்தார். ஆகவே அந்தக் கடைசிக் காலத்தில் இந்த இயந்திரங்கள் அவருக்குக் கால்களுமாக இருந்தன. 2008 மார்ச் 19இல் கொழும்பிலேயே காலமானார்.

இந்தக் கதையில் என்னை நிறுத்திவைத்தது கேப்ரோ. ஹையம்ஸும் கிளார்க்கும் எழுதிக்கொண்டதை நாம் இன்றைக்கும் வாசிக்கலாம். எப்படி? டிஸ்க் பத்திரமாக இருந்ததாலா? அந்த டிஸ்க்கை இன்று வாசிக்க ட்ரைவ் தேடி அலைய வேண்டும். அதைத் தாளில் அச்சடித்துப் புத்தகமாகவும் போட்டார்கள், அதனால்தான் பிழைத்தது. அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் பிறகு இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 'ஆர்தர் சி. கிளார்க்கின் இலங்கைச் சேகரிப்பு' என்ற அர்த்தத்தில்தான் அங்கே அதற்குப் பெயர். பெயரில் இலங்கை, இருப்பது வர்ஜீனியாவில். எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஆனாலும் இருக்கிறதே.

இருப்பதற்குக் காரணம், ஒரே வீட்டில் நீண்ட காலம் இருக்க முடிந்த மனிதர். சேகரிப்புக்கு முதல் தேவை காசு இல்லை, பூட்டிய கதவு பூட்டியபடி இருப்பது.

நம்மட பக்கம் அப்படி இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006இல் சண்டை வந்தது. ஆகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு நடந்தார்கள், கிழக்குப் பக்கத்துக் கிராமங்களின் தமிழ்ச் சனங்கள் வெருகல், வாகரை என்று போனார்கள். போகும்போது எவரும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பிள்ளையைத் தூக்கினார்கள், அடையாள அட்டையை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை, அலமாரிக்குள் இருந்ததை யார் கேட்பது?

ஆகவே நம்மட ஊருக்கு இயந்திர வரலாறு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இருந்தது. நோன்பு திறக்கும் நேரம் முஸ்லிம் சேவையின் அதானுக்காக ரேடியோவைச் சுற்றி வீடே இருந்தது. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்க இரண்டு வீட்டுக்கு ஒரு ரேடியோ. கார் பெட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டீவி, படம் முடியுமுன் பெட்டரி இறங்கிப் படம் சுருங்கிக்கொண்டே போகும். பெருநாளைக்கு வாடகைக்கு எடுத்த டெக். பிறகு கம்பி இழுக்காத இடத்துக்கும் வந்த சி.டி.எம்.ஏ. ஃபோன், ஏரியலை நீட்டி ஜன்னலுக்குக் கிட்ட வைத்து, அதைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கை.

எல்லாவற்றையும்விடப் பெரியது கசெட்.

பிலிப்ஸ் கம்பனி அதை 1963இல் பெர்லின் கண்காட்சியில் வெளியிட்டது. செய்த குழுவின் தலைவர் லூ ஒட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியியலாளர். சட்டைப் பைக்குள் போகிற அளவு வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பாட்டுக் கேட்பதற்கு முன்னால் பேச்சைப் பதிவு செய்வதற்குத்தான் அது வந்தது. நம்மவர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போன நம்மட உம்மாமார், வாப்பாமார், எழுதத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், கசெட்டில் பேசி அனுப்பினார்கள். ஊருக்கு வருகிறவரின் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்து அனுப்புவார்கள். 60 நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். ஒரு பக்கம் அங்கிருந்து வரும், மறுபக்கத்தில் இங்கிருந்து பேசி அனுப்பிய வீடுகளும் உண்டு. எங்கள் மாமி ஒருவர் சவூதியில் இருந்தபோது அனுப்பிய கசெட்டில், அவர் பேசுவதைவிடப் பேசாமல் இருக்கிற நேரம்தான் கூட. பின்னால் ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்கும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி நிறுத்துவார்.

இப்போது கிளார்க்கின் டிஷ்ஷை நினைவுபடுத்துங்கள். கசெட்டும் அப்படித்தான். பொருள் உடையாமலே செத்துப்போகும். வீட்டில் கசெட் இருக்கும், பிளேயர் இருக்காது. பிளேயர் இருக்கும், பெல்ட் இளகிப்போயிருக்கும். பழைய இரும்பு, போத்தல் வாங்க வருகிறவரின் தராசில் டூ-இன்-வன் ரேடியோவும் கேத்தலும் ஒன்றுதான், கிலோக் கணக்கு. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அது அவருடைய பிழைப்பு. ஆனால் உள்ளே மாட்டியிருந்த கசெட்டோடு போன ரேடியோக்களும் உண்டு.

அந்தக் குரல்களுக்கு உரியவர்கள் சிலர் இப்போது இல்லை. சிலருக்கு வேறு பதிவே கிடையாது. படம்கூட பாஸ்போர்ட்டில் இருந்த ஒன்றுதான். கிளார்க்குக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, நம்மட மாமிமாருக்கு இருப்பது இந்தக் கறுப்பு நாடா மட்டும்.

எனவே, வீட்டில் கசெட் இருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். முதலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் போலப் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓட விடாதீர்கள், பிளேயரையும் கெடுக்கும், மற்றக் கசெட்டுக்கும் பரவும். அதைத் தனியாக வையுங்கள். நாடாவை அழுத்துகிற சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம், வேறு கசெட்டிலிருந்து மாற்றலாம். கசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தட்டுகள் இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். உடைத்தால் தவறுதலாக ரெக்கோர்ட் பட்டனை அமத்தினாலும் அழியாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது.

என்னிடம் ஓடுகிற பிளேயர் ஒன்று இருக்கிறது. ஹெட் சுத்தம் செய்து, பெல்ட் மாற்றியாகிவிட்டது. அதிலிருந்து கணினிக்கு வயர் இழுத்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்கிறோம். 60 நிமிடக் கசெட்டுக்கு 60 நிமிடம் எடுக்கும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. அதனால் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். குடும்ப விசயம் பேசியிருப்பார்கள் என்று யோசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நான் கேட்கத் தேவையில்லை. பூட்டிக் கொடுத்துவிட்டு வெளியில் இருப்பேன். நீங்களே ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அது உங்கள் குடும்பத்தின் அமானிதம், பதிவும் உங்கள் பென்ட்ரைவிலேயே போகும். ஒன்று மட்டும் கேட்பேன். யாருடைய குரல், எந்த நாட்டிலிருந்து, ஏறக்குறைய எந்த வருடம், யாருக்கு அனுப்பியது என்று ஒரு தாளில் எழுதிக் கசெட்டோடு வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தமிழ்ப் பக்கத்து உறவுகளும் வரலாம், உங்கள் வீடுகளிலிருந்தும் வெளிநாட்டுக்குப் போனவர்கள் உண்டு.

சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து வீட்டில் இருப்பேன். வரும்போது கசெட்டைத் துணியில் சுற்றிக் கையில் கொண்டு வாருங்கள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு வராதீர்கள், அந்தச் சூட்டுக்கு நாடா சுருண்டுவிடும்.